எச்4 விசாவில் இருந்துகொண்டு ஹார்வர்டு, எம்ஐடிக்கெல்லாம் விண்ணப்பிக்கலாமா?

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். ஒன்பது வயதில் மதுரையிலிருந்து வந்தேன், அப்பாவுக்கு எச்1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கான எச்4 விசா, கிரீன் கார்டு வரிசை நகர்வதாக இல்லை, 21 வயதானால் இந்த விசாவும் போய்விடும். எச்4 என்பதால் ஃபாஃப்சா என்ற கல்வி உதவி விண்ணப்பம் வழியாக அரசு உதவி கிடைக்காது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி நான்கும் வெளிநாட்டு மாணவர்களைக்கூட வசதி பார்க்காமல் தேர்வு செய்து தேவையான உதவி முழுவதையும் தருகின்றன, ஆனால் நூற்றுக்கு ஐந்து பேரைக்கூட எடுப்பதில்லை.

நேற்று ராத்திரி அம்மா மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு கல்லூரியின் விண்ணப்பக் கட்டணத்தையும் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார், ஒன்றுக்கே 80, 90 டாலர். அதைப் பார்த்ததும் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் மட்டும் போதும்மா என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. ஆனால் ஆசை விடவில்லை.

எச்4-இல் இருந்து இங்கெல்லாம் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கட்டண விலக்கு கேட்டால் தருவார்களா? அப்புறம், விண்ணப்பத்தோடு அனுப்பும் 650 வார்த்தைக் கட்டுரையில் விசா கதையை எழுதலாமா, இல்லை வேறு ஏதாவது எழுதுவது நல்லதா? ஜனவரி தொடக்கத்தில் கடைசித் தேதி, தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.