சிரசாசனம்: சுவரை விட்டால் சரிந்துவிடுகிறேன், பிடரியும் வலிக்கிறது

கேள்வி:
சில மாதமாகச் சிரசாசனம் பழகுகிறேன். சுவரோரம் காலை உதைத்து எழும்பினால் நிற்க முடிகிறது. நடு அறைக்கு வந்தால் முதுகுப் பக்கம் சரிந்துவிடுகிறேன். மறுநாள் பிடரி இறுகிக் கிடக்கிறது. தலைக்குக் கீழே தலையணை வைத்தும் பார்த்தாயிற்று, ஆட்டம்தான் கூடியது. கைக்கு வலு போதவில்லையா, இல்லை முறையே தப்பா?

பதில்:
முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். மெத்தென்று இருந்தால் தலை அமிழும், கழுத்து ஆடும். நான்காக மடித்த ஜமுக்காளம் போதும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எடை முழுக்கக் கழுத்தில் இறங்குகிறது. முழங்கைகள் தோள் அகலத்துக்கு மேல் விரியக் கூடாது. விரல்களைக் கோத்து, உச்சந்தலையைத் தரையில் வையுங்கள், பின்மண்டை கைகளுக்குள் இருக்கட்டும். அப்புறம் முன்கைகளால் தரையை நன்றாக அழுத்தித் தோள்களைக் காதிலிருந்து விலக்குங்கள். தோள் தளர்ந்த நொடியே பாரம் கழுத்துக்குப் போய்விடும்.

உதைத்து எழும்புவதை இன்றோடு விடுங்கள். முழங்காலை நீட்டி, இடுப்பை உயர்த்தி, பாதங்களை முகத்தை நோக்கிச் சின்னச் சின்ன அடியாக நகர்த்துங்கள். இடுப்பு தோளுக்கு நேர் மேலே வந்தால் கால்விரல்கள் தாமாகவே லேசாகும். அது வராதவரை மேலே போக வேண்டாம். வராததற்குக் கை வலுவைவிடத் தொடையின் பின்பக்க இறுக்கம்தான் பெரும்பாலும் காரணம். வந்த பிறகு முழங்காலை மடித்து வயிற்றோடு ஒட்டி, அந்த அரை நிலையிலேயே சில வாரம் பழகுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சமநிலை அங்கேதான் பிடிபடும்.

சுவரில் பாதத்தைச் சாய்த்தே நின்றால் முதுகு வளைந்தபடி பழகிவிடும். நடு அறையில் நீங்கள் பின்னால் போவது அதனால்தான். அப்படிச் சரிந்தால் விரல்களைப் பிரித்து, தாடையை மார்போடு ஒட்டி, குட்டிக்கரணம் போட்டு உருண்டுவிடுங்கள். இதை முதலில் தனியாக மெத்தை மேல் பழகிக்கொள்வது நல்லது.

இன்னொரு பதில்:
எல்லாம் சரி, கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லையே! சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 75 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவது தெரிந்தது. குளுக்கோமா (கண் நரம்பைப் பாதிக்கும் கண் அழுத்த நோய்), விழித்திரைக் கோளாறு, கட்டுக்குள் வராத ரத்தக் கொதிப்பு, கழுத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டில் (டிஸ்க்) பிரச்சினை, இதில் எது இருந்தாலும் இந்த ஆசனமே வேண்டாம்.

கேட்டவர்:
ரத்த அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கண்ணாடி மைனஸ் 7. நிறுத்திவிடட்டுமா?

முதலில் பதில் சொன்னவர்:
இப்போதைக்கு நிறுத்துங்கள். மைனஸ் 6-ஐத் தாண்டினால் விழித்திரை மெலிந்திருக்க வாய்ப்பு உண்டு. கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்து, இந்த ஆசனம் செய்யலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தித் தலையைத் தொங்கவிடும் அதோமுக ஸ்வானாசனமும் கண் அழுத்தத்தை ஏற்றும், அதையும் தள்ளிவையுங்கள். அதுவரை தோள் வலுவுக்கு முன்கையும் கால்விரலும் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக நிறுத்தும் பிளாங்க் போதும். கையில் மரமரப்போ சுருக்கென்ற வலியோ இறங்கினால் கழுத்தையும் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.