டிஸ்பயோசிஸுக்கு 'கேடு' வேணாமே

> டிஸ்பயோசிஸ் = நுண்ணுயிர்க்கேடு. சுருக்கமா இருக்கு, போட்டுடலாம்.

அண்ணா, நம்ம தமிழ்க் கட்டுரைக்கு இந்தச் சொல் சுருக்கம்தான், ஆனா 'நுண்ணுயிர்க்கேடு'ன்னு படிச்சா நுண்ணுயிரால வர்ற கேடுன்னுதான் தோணும், காலரா டைஃபாய்டு மாதிரி. நாம சொல்ல வர்றது அது இல்லையே, டிஸ்பயோசிஸ்னா குடல்ல வழக்கமா இருக்கிற நுண்ணுயிரிக் கூட்டம் சமன் தப்பிப் போறது.

நீங்க கட்டுரைக்கு எடுத்திருக்கிற அந்த 2014 நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழ் ஆய்வையே பாருங்க. ஜப்பான் மக்காக் குரங்குங்க, கர்ப்பத்துல கொழுப்பு ஜாஸ்தியான தீனி, குட்டியோட குடல் பாக்டீரியாவே வேற மாதிரி ஆகிடுது, பால் மறந்த பிறகு குட்டிக்குக் கொழுப்பு கம்மியான தீனி குடுத்தும் ஓரளவுக்குத்தான் சரியாச்சு. இதுல கேம்பைலோபாக்டர்னு ஒரு பாக்டீரியா வருது, நமக்கு அந்தப் பேரைக் கேட்டாலே வயித்துப்போக்குதான் ஞாபகம் வரும், ஆனா அந்தக் குட்டிங்க குடல்ல குறைஞ்சு போனது நோய் உண்டாக்காத கேம்பைலோபாக்டர். அதாவது கெட்டது வந்து சேரலை, இருந்தது குறைஞ்சிருக்கு. 'கேடு'ன்னு போட்டா வாசகர் தலைகீழா புரிஞ்சுப்பார்.

தலைப்புல 'உடல்பருமக் குடல்'னு வேற இருக்கு, அதையும் எடுத்துடுங்க ப்ளீஸ். குட்டியோட பாக்டீரியாவை மாத்துனது தீனிதான், உடம்பு பருமன் இல்லைன்னு ஆய்வு பண்ணவங்களே தெளிவா எழுதியிருக்காங்க.

இன்னொண்ணு. 2012ல செல் இதழ்ல 91 கர்ப்பிணிகளை வச்சு வந்த ஆய்வு, கடைசி மூணு மாசத்துல குடல் பாக்டீரியாவோட வகைகள் குறையுது, அதை நுண்ணுயிரியே இல்லாம வளர்த்த எலிக்கு மாத்துனா, முதல் மூணு மாச மாதிரியை வாங்குன எலியை விட இது கொழுக்குது, இன்சுலினும் சரியா வேலை செய்யல. ஆனா நல்லா இருக்கிற கர்ப்பிணிகள் கிட்டயும் இந்த மாற்றம் இருந்துச்சு! அதைப் போய் கேடுன்னு எப்படிச் சொல்றது? அங்க வெறும் 'மாற்றம்' போதும்.

என் ஓட்டு: மைக்ரோபயோட்டாவுக்கு, அதாவது அந்த நுண்ணுயிரிக் கூட்டத்துக்கு, 'நுண்ணுயிர்த்திரள்', டிஸ்பயோசிஸுக்கு 'திரள்குலைவு'. இங்க பெங்களூர் லேப்ல கன்னடக்காரங்க சூக்ஷ்மஜீவின்னு சொல்றாங்க, அதுல நல்லது கெட்டது எதுவும் ஒட்டலை, நம்ம 'நுண்ணுயிரி'யும் அப்படித்தான், 'கிருமி' மட்டும் வேணாம்.

---

> டிஸ்பயோசிஸுக்கு 'திரள்குலைவு'

தம்பி, திரள் பிரமாதம். ஆனா கர்ப்பத்தைப் பத்தின கட்டுரையில 'குலைவு'ன்னு வந்தா பொம்பளைங்களுக்குக் கரு கலையிறதுதான் முதல்ல தோணும், அல்சூர்ல என் பக்கத்து வீட்டம்மா கிட்ட படிச்சுக் காட்டினேன், "ஐயோ, குட்டி செத்துப்போச்சா?"ன்னு கேட்டாங்க. 'சமனிழப்பு'ன்னா? 'திரள் சமனிழப்பு'. கொஞ்சம் நீளம்தான், பரவால்ல.

---

அக்கா சொல்றது சரி. சமனிழப்புக்கே மாத்திக்கிறேன். அண்ணா, தலைப்பை மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க, 'தாயின் தீனியும் குட்டியின் குடலும்'னு வச்சா என்ன?