கிரப் (லினக்ஸை பூட் செய்யும் நிரல்) நிறுவும்போது "அன்நோன் ஃபைல்சிஸ்டம்": ரூட் எக்ஸ்ட்4 தானே, பிறகு ஏன்?

கேள்வி:
புது லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, ரூட் பார்ட்டிஷனை எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல்சிஸ்டம்) ஆக ஃபார்மட் செய்தேன். டிபூட்ஸ்ட்ராப் (டெபியனின் அடிப்படை அமைப்பை நிறுவும் கருவி) வழியாக டெபியன் 11 போட்டாயிற்று. க்ரூட்டுக்குள் (புதிதாக நிறுவிய அமைப்பையே ரூட்டாக வைத்து வேலை செய்யும் சூழல்) போய் கிரப்-இன்ஸ்டால் கொடுத்தால் "அன்நோன் ஃபைல்சிஸ்டம்" என்று நிற்கிறது. அதே பார்ட்டிஷன் மவுண்ட் ஆகிறது, ஃபைல்கள் எல்லாம் தெரிகின்றன. யுஇஎஃப்ஐ மெஷின், இஎஸ்பி (ஃபர்ம்வேர் படிக்கும் பூட் பார்ட்டிஷன்) ஃபேட்32.

பதில்:
இஎஸ்பியில் கோளாறு இல்லை. எக்ஸ்ட்4 எல்லாம் ஒரே எக்ஸ்ட்4 இல்லை, அதுதான் சிக்கல். எக்ஸ்ட்4-ஐ ஃபார்மட் செய்யவும் சரிபார்க்கவும் உள்ள கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸில், 1.47.0 (2023) முதல் மெட்டாடேட்டா_சிசம்_சீட் என்ற வசதி ஃபார்மட் செய்யும்போது தானாகவே சேர்ந்துவிடுகிறது. இது "இன்கம்பாட்" வகை. அதாவது, இந்தக் கொடி புரியாத எந்த நிரலும் வட்டைத் தொடக் கூடாது. டெபியன் 11-இன் கிரப் 2.06-க்கு இது புரியாது, அதனால் எக்ஸ்ட்4 என்றே ஒப்புக்கொள்ளாது. கர்னல் 4.4-இலிருந்தே இதைப் படிக்கும். மவுண்ட் ஆவது அதனால்தான்.

முதலில் டம்ப்இ2எஃப்எஸ் -எச் கொடுத்து ஃபீச்சர்ஸ் வரியில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் க்ரூட்டை விட்டு வெளியே வந்து, அன்மவுண்ட் செய்து, இ2எஃப்எஸ்சிகே -எஃப் ஓட்டுங்கள். பிறகு டியூன்2எஃப்எஸ் -ஓ ^மெட்டாடேட்டா_சிசம்_சீட் (ஓ பெரிய எழுத்து). திரும்ப மவுண்ட் செய்து கிரப்-இன்ஸ்டால் கொடுங்கள்.

கேட்டவர்:
கிரப் ஏறிவிட்டது, நன்றி. இப்போது பூட் ஆகும்போது எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்க்கும் நிரல்) நின்றுவிடுகிறது. "ஃபீச்சர்_சி12" தெரியாது, புது இ2எஃப்எஸ்சிகே கொண்டுவா என்கிறது.

பதில்:
அது ஆர்ஃபன்_ஃபைல், அதே 1.47.0 சேர்த்த இன்னொன்று. இது "கம்பாட்" வகை என்பதால் கிரப்பும் கர்னலும் கண்டுகொள்ளாது. ஆனால் டெபியன் 11-இல் உள்ள 1.46 எஃப்எஸ்சிகே, தெரியாத எதையும் சரிபார்க்க மறுத்துவிடும். -ஓ ^ஆர்ஃபன்_ஃபைல் கொடுத்து இதையும் எடுங்கள். லைவ் யுஎஸ்பியிலிருந்தே செய்ய வேண்டும், பழைய டியூன்2எஃப்எஸ்ஸுக்கு அந்தப் பெயரே தெரியாது.

அடுத்த முறை ஃபார்மட் செய்யும்போதே இரண்டையும் ^ போட்டு விலக்கிவிடலாம். அதைவிட நல்லது, நிறுவப்போகும் டிஸ்ட்ரோவின் சொந்த எம்கேஎஃப்எஸ்ஸை (ஃபார்மட் செய்யும் கட்டளை) கொண்டே ஃபார்மட் செய்வது.

கேட்டவர்:
அடுத்த மெஷினில் ரூட்டுக்கு பிடிஆர்எஃப்எஸ் (இன்னொரு ஃபைல்சிஸ்டம்) போட எண்ணம். /பூட் (கர்னல் இருக்கும் இடம்) தனிப் பார்ட்டிஷனாக வேண்டுமா?

இன்னொருவர்:
கட்டாயமில்லை. இசட்-ஸ்டாண்டர்ட் சுருக்கத்தோடு இருந்தாலும் கிரப் 2.04 முதல் படிக்கும். ஆனால் கிரப்பால் பிடிஆர்எஃப்எஸ்ஸில் கிரப்என்வ் (கிரப் தன் நினைவுகளை வைக்கும்) ஃபைலை எழுத முடியாது. கடைசியாகத் தேர்ந்த கர்னலை நினைவில் வைக்கச் சொன்னால் "ஸ்பார்ஸ் ஃபைல் நாட் அலவ்ட்" வரும். ரூட் பிகேஷ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் என்றாலோ, ஆர்கான்2 முறைச் சாவியோடு லக்ஸ்2 பூட்டு (வட்டு மறையாக்கம்) என்றாலோ (கிரப் 2.12 வரை அதைத் திறக்காது) தனி /பூட் வைத்தே ஆக வேண்டும். 1 ஜிபி எக்ஸ்ட்4 போதும்.

அந்த /பூட்டை ஃபேட்32 ஆக மட்டும் போடாதீர்கள். ஃபேட்டில் ஹார்ட் லிங்க் கிடையாது. கர்னல் பேக்கேஜை மறுபடி நிறுவும்போது டிபிகேஜி (டெபியனின் பேக்கேஜ் நிறுவி) பழைய ஃபைலுக்கு பேக்கப் லிங்க் போட முடியாமல் பாதியில் நின்றுவிடும். கிரப்புக்குப் பதில் சிஸ்டம்டி-பூட் என்றால் கதை வேறு: அதற்குச் சொந்தமாக ஃபைல்சிஸ்டம் படிக்கத் தெரியாது, ஃபர்ம்வேர் படிப்பதுதான் அதற்கும். கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் சிறு ஃபைல்சிஸ்டம்) ஃபேட்டில்தான் இருக்க வேண்டும், அங்கே இஎஸ்பியையே 1 ஜிபி வைத்துவிடுங்கள்.