படிக்கட்டில் ‘டூக்னாட்’ நோட்டீஸ் ஒட்டியிருந்தால் கண்டிப்பாகப் போங்கள்

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் எங்கள் வீடு. அக்கா மகனும் அவன் மனைவியும் ஆகஸ்டில் நார்வே போகிறார்கள். நான் இருக்கும் ட்ரோன்ஹெய்மில்தான் அவனுக்கு வேலை. நேற்று சாயங்காலம் திண்ணையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். வாடகை, வங்கிக் கணக்கு, குளிர் உடுப்பு எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. ஆகவே நான் வேறொன்றைச் சொன்னேன். போன புதிதிலேயே ஒரு டூக்னாட் வரும், அதைத் தவற விடாதீர்கள் என்றேன். அது என்ன என்று விளக்கியதும் அக்கா அடுக்களையிலிருந்து, “இஞ்சினியர் வேலைக்குப் போற பிள்ள அங்க போய் முற்றம் தூத்து வாரணுமாக்கும்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே புதிதாகப் போகிற எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

டூக்னாட் என்றால் ஒரு கட்டிடத்தில், ஒரு தெருவில், ஒரு பள்ளியில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு நாள் கூடி, பொது இடத்து வேலையைக் கூலி இல்லாமல் செய்து முடிப்பது. உதவி என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்தக் காலத்தில் பண்ணை வீட்டுக்குக் கூரை போடவும் புல் அறுத்து உலர்த்தவும் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள், வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார். நம் பக்கத்தில் ஓலை வீடு மேய்ந்த நாளில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தார்களே, அதே முறைதான். 2004-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நாட்டின் சொல் என்று நார்வேக்காரர்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது அப்போதைய பிரதமர் எர்னா சோல்பெர்க் மக்களிடம் கேட்டதும் ஒரு டூக்னாட்தான்.

அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் வசந்தத்தில், மே 17 தேசிய நாளுக்கு முன்னால் ஒன்று நடக்கும். பல இடங்களில் இலை உதிரும் காலத்தில் இன்னொன்றும் உண்டு. நோட்டீஸ் படிக்கட்டில் ஒட்டியிருக்கும், நார்வேஜிய மொழியில். முதல் வருஷம் எனக்கு அது புரியவில்லை. ஏதோ துப்புரவுக் கம்பெனியின் அறிவிப்பு என்று நினைத்துக் கடந்து போனேன். அன்று சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டிடம் முழுக்கக் கீழே நிற்கிறது. இறங்கிப் போகக் கூச்சமாக இருந்தது. அதனால் ஒரு வருஷம் முழுக்க யாரோடும் பேச்சில்லாமல் கழிந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

அடுத்த வருஷம் போனேன். குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்கப் பாதையில் பொடிக்கல் தூவுவார்கள். ஏப்ரலில் பனி உருகினதும் அத்தனை கல்லும் அப்படியே கிடக்கும். அதை வாரி அள்ளுவதுதான் முதல் வேலை. தூசி பறக்கும், தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள். அப்புறம் அழுகிய இலை, வேலிக்குப் பெயிண்ட், சைக்கிள் அறையில் சேர்ந்த பழைய சாமான். எனக்கு ஒரு மண்வெட்டி கிடைத்தது. சின்ன வயதில் அப்பாவோடு வாழைக்கு மண் அணைத்ததற்குப் பிறகு மம்பட்டி பிடித்ததே இல்லை. அரை மணி நேரத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு முதிய அம்மா பார்த்துவிட்டு, தன் கையுறையைக் கழற்றித் தந்தார். அதுவரை லிஃப்டில் தலையை மட்டும் அசைத்தவர் அவர்.

குப்பைப் பெட்டிக்குள் தலையை விட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவர் அறுவை சிகிச்சை மருத்துவர். அவருக்குத் தண்ணீர்க் குழாயைப் பிடித்து நின்றவர் பஸ் ஓட்டுகிறவர். அங்கே யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. எனக்குத்தான் கண்ணை எடுக்க முடியவில்லை.

அக்கா கேட்டதில் தப்பில்லை, அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில் கூலி கொடுக்காமல் வாங்கிய வேலைக்கு ஊழியம் என்று பெயர். யார் செய்ய வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. சாமித்தோப்பில் சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் அதை எதிர்த்து நின்றார். கூலியில்லாத வேலை என்றதும் நமக்கு உள்ளுக்குள் சுருக்கென்று ஒன்று குத்துவது அதனால்தான். படித்து மேலே வந்த குடும்பத்துக்கு மம்பட்டியைத் தொடாமல் இருப்பதே மரியாதை என்றும் ஆகிப்போனது. டூக்னாட்டில் யாரும் யாரையும் ஏவுவதில்லை. நோட்டீஸ் ஒட்டிய குடியிருப்புத் தலைவரும் வாரியல் பிடிக்கிறார்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் பேசாமல் இருந்தாள். அப்புறம் ஒக்கி புயலைச் சொன்னேன். 2017 நவம்பர் 30. ரப்பரும் தேக்கும் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். நம் வாசலில் விழுந்த பலாவை அறுத்து நீக்கியது யார் என்று கேட்டேன். “நாலு வீட்டுப் பிள்ளைங்களும் வந்தாங்க. அந்த மேசிரியும் வந்தாரே, அவரு பேரு கூட எனக்குத் தெரியாது” என்றாள். அதேதான். நார்வேக்காரர்கள் அதை வருஷத்துக்கு ஒன்றிரண்டு நாள் புயல் இல்லாமலே செய்கிறார்கள்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயம். சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய் நில்லுங்கள். பழைய உடுப்பு, நல்ல காலணி, கையுறை. மழை என்று யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். தனியாகச் செய்யும் வேலையை விட இரண்டு பேராகச் செய்வதைத் தேர்ந்தெடுங்கள்: வேலிக்குப் பெயிண்ட் அடிப்பது, பழைய சோபா சுமப்பது. நார்வேக்காரர்கள் சும்மா நிற்கும்போது பேச மாட்டார்கள், கையில் வேலை இருந்தால் பேசுவார்கள். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். ரீவே, கூஸ்ட், ஸ்பாடே, அதாவது இலை வாரும் ரேக், வாரியல், மண்வெட்டி: நான் படித்த முதல் நார்வேஜியச் சொற்கள் இவைதான். வகுப்பில் படித்ததெல்லாம் மறந்தது, இவை மறக்கவில்லை. நடுவயது, முதுகுவலி என்றால் கேக் செய்து கொண்டுபோகலாம், அதுவும் கணக்குதான். ஆனால் வராமல் இருந்துவிட்டு, பணம் தருகிறேன், ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். மனம் புண்படும்.

பிள்ளைகள் இருந்தால் பாலர் பள்ளியிலும் விளையாட்டு மன்றத்திலும் பேண்டு குழுவிலும் பெற்றோர் டூக்னாட் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஓட முடியாது, முதல் இரண்டுக்காவது போங்கள்.

வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். பாதி டூக்னாட் அதற்குப் பிறகுதான். காப்பி, வாஃபிள், நெருப்பில் சுட்ட சாசேஜ் இருக்கும். சைவம் என்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வாஃபிளுக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு சீஸ் சீவி வைப்பார்கள், ப்ரூனோஸ்ட். பாலைத் திரித்து வடித்த நீரைச் சட்டியில் வைத்து, உள்ளிருக்கும் சர்க்கரை பழுப்பாகும்வரை காய்ச்சுவது. கையுறை தந்த அந்த அம்மா இதை விளக்கியபோது, பதநீரைக் காய்ச்சி எங்கள் ஊரில் கருப்பட்டி எடுப்பதைச் சொன்னேன். என் உடைந்த மொழியில் பனை ஏறுவது முதல் சிரட்டையில் ஊற்றுவது வரை சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கடைசிவரை இருந்து கேட்டார்.

மூன்று வாரம் கழித்துப் படிக்கட்டில் பார்த்தபோது அவர் நின்று, “தக் ஃபோர் சிஸ்ட்” என்றார். போன முறை சேர்ந்து இருந்ததற்கு நன்றி என்று அர்த்தம். ஏற்கெனவே சேர்ந்து நேரம் கழித்தவர்களிடம்தான் அப்படிச் சொல்வார்கள். அந்தக் கட்டிடத்தில் என்னிடம் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்.

இன்று காலையில் அக்கா நாகர்கோவில் போய்விட்டு ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு வந்தாள். ஒன்று பிள்ளைகளுக்கு, ஒன்று அந்த இலை வாரும் நாளுக்கு. அக்டோபர் வரை நமுத்துப் போகாமல் இருக்குமா என்று கேட்டாள். இருக்காது, செப்டம்பரில் பார்சல் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.