அனுபவப் பகிர்வு: வசனத்தை முன்பின் சேர்த்து வாசித்தபோது, ஜெபத்தில் பேசாமல் இருந்தபோது

பாளையங்கோட்டையிலிருந்து

ஜெபத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அனுபவம் யாருக்காவது உண்டா, வேதத்தை ஒரு வசனமாக இல்லாமல் அதிகாரமாக வாசித்ததில் என்ன கிடைத்தது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு கேள்விக்கும் எனக்குப் பதில் ஒன்றுதான், ஏனென்றால் இரண்டையும் நான் கற்றுக்கொண்டது ஒரே ஆளிடம், எங்கள் சபையில் இருந்த ஒரு ரிட்டயர்டு டீச்சரிடம்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிற வழக்கத்தைத் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பைபிள் வசனம் அச்சடித்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், வரிசையாகப் போய் ஆளுக்கு ஒன்று எடுப்போம், அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குத் தந்த வாக்கு என்று, அப்புறம் வருஷம் பூராவும் அது பைபிளுக்குள்ளோ ஃபிரிட்ஜ் கதவிலோ இருக்கும். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்காவுக்கு ஒரு வருஷம் எரேமியா 29:11 வந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வருமே, அந்த வசனம். அவர் கணவருக்கு அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது, பேச்சும் குழறிப்போய்விட்டது. அட்டையைப் பார்த்த எல்லோரும், வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்களும், இந்த வருஷம் அண்ணன் எழுந்து நடப்பார், கர்த்தரே சொல்லிவிட்டார் என்றார்கள். பிரியத்தில் சொன்னதுதான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த வார்த்தை அக்காவை ஒரு இடத்தில் கட்டிப்போட்டுவிட்டது. பிசியோதெரபிக்கு வந்தவர் பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடிக்கச் சொன்னார், கமோட் சேர் ஒன்று வாங்கச் சொன்னார். அக்கா இரண்டையும் செய்யவில்லை. கம்பி அடித்தால் இவர் இப்படியேதான் இருக்கப்போகிறார் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா, அது அவிசுவாசம் இல்லையா என்று என்னிடமே கேட்டிருக்கிறார். அதனால் தினமும் காலையில் அவரும் மகனுமாக அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுவார்கள், அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டம் அங்கே நடந்தது, டீச்சரும் வந்திருந்தார். ஜெபிக்கச் சொன்னபோது டீச்சர் ஜெபத்தை ஆரம்பிக்கவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்கேயிருந்து வருதுன்னு முதல்ல வாசிப்போம்" என்று 28-ம் அதிகாரத்திலிருந்தே நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார். அந்த அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். பாபிலோன் கொண்டுபோனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் சொல்கிறான், பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தீர்க்கதரிசி கழுத்தில் போட்டிருந்த நுகத்தையும் எடுத்து உடைக்கிறான். ஜனங்கள் கேட்க ஆசைப்பட்டதும் அதைத்தான். அங்கே எரேமியா எதிர்வாதம் செய்துகொண்டு நிற்கவில்லை, தன் வழியே போய்விடுகிறான். அனனியா சொன்னது பொய் என்று எரேமியாவுக்குக் கர்த்தருடைய வார்த்தை வருவது அதற்குப் பிறகுதான். டீச்சர் அந்த இடத்தில் சற்று நிறுத்தி, "வார்த்தை வராத வரைக்கும் அவன் பேசலை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து 29. அது ஒரு கடிதம், கி.மு. 597-ல் எகொனியா ராஜாவோடு சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டு பாபிலோனில் இருந்தவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதினது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைக் கொண்டுவந்திருக்கிற அந்த ஊருடைய சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகே உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்பது 10-ம் வசனத்தில் வருகிறது. அதற்கு அப்புறம்தான் அட்டையில் இருந்த 11.

வாசித்து முடித்துவிட்டு, "கொஞ்ச நேரம் யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் டீச்சர். எங்களுக்கு அது பழக்கமே இல்லை. கூட்டம் என்றால் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம், நடுவில் ஒரு நிமிஷம் சும்மா இருந்தாலே யாராவது ஒரு பாட்டை எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. அண்ணனுடைய இடது கை மட்டும் போர்வை ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து அக்காதான் பேசினார். "எழுபது வருஷம்னா, இந்தக் கடுதாசியை வாசிச்சவங்கள்ல பாதிப் பேர் திரும்பியே போயிருக்க மாட்டாங்களே டீச்சர்?" "ஆமாம்மா. அவங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரமே ஆள் வந்து சுவரில் துளை போட்டு இரண்டு ஸ்டீல் கம்பி மாட்டினார், கமோட் சேரும் வந்தது. அண்ணன் எழுந்து ஓடவில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சேரில் உட்கார்ந்து, தன் தலையில் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார், கதவைச் சாத்திக்கொண்டு. ஒரு மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த வசனத்தை யாரும் அக்காவிடமிருந்து பிடுங்கவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தனியாக இருந்தபோது அது நல்லது சீக்கிரம் நடக்கும் என்கிற வாக்காக இருந்தது, கிட்டத்தட்ட அனனியா சொன்னது மாதிரி. கடிதத்துக்குள் வைத்து வாசித்தபோது, சீக்கிரம் நடக்காத இடத்திலும் தேவன் உங்களை மறக்கவில்லை, அங்கேயே வாழுங்கள் என்று ஆனது. அக்காவுக்கு வேண்டியிருந்தது இரண்டாவதுதான்.

டீச்சர் தனியாக ஜெபிப்பதும் இப்படித்தான். முதலில் ஒரு பகுதி வாசிப்பார், அப்புறம் சும்மா இருப்பார், கடைசியில் நாலு வாக்கியம் பேசுவார். மனதைக் காலியாக்குகிற வித்தை எதுவும் அதில் கிடையாது. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறோம் இல்லையா, அதுதான். நான் வேண்டியதை வசனத்துக்குள் திணிக்காமல் அதிகாரத்தை முழுசாகக் கேட்பதும், என் பட்டியலை வாசிக்காமல் ஜெபத்தில் காத்திருப்பதும் ஒரே பழக்கம் என்று நான் நினைப்பது இவரைப் பார்த்துத்தான்.

எலியா தீர்க்கதரிசி ஓரேப் மலையில் கேட்ட "அமர்ந்த மெல்லிய சத்தம்" பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம், எல்லாம் 1 இராஜாக்கள் 19:12-லேயே நின்றுவிடும். டீச்சர் 18-ம் வசனம் வரை வாசிக்க வைத்தார். நான் ஒருவன்தான் மீதி என்று அந்தச் சத்தத்துக்கு முன்னால் எலியா சொன்ன புலம்பலையே அதற்குப் பின்னாலும் சொல்கிறான், 10-ம் வசனமும் 14-ம் வசனமும் ஒன்றுதான். உடனே மனது மாறிவிடவில்லை. அப்படியும் தேவன் அவனைத் திட்டாமல், திரும்பிப் போ என்று வேலை கொடுக்கிறார், உன்னைத் தவிர இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்கிறார். அமைதியாக உட்கார்ந்தும் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லையே என்று இங்கே ஒருவர் வருத்தப்பட்டிருந்தார், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து

நான் கத்தோலிக்க வீடு, வார்த்தைகள் கொஞ்சம் வேறாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குளித்தலை பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சாந்திவனம் என்ற ஆசிரமம் இருக்கிறது. 1950-ல் மொன்ஷனேன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது, 1968-லிருந்து பீட் கிரிஃபித்ஸ் அடிகள் 1993-ல் இறக்கும்வரை அங்கே இருந்தார். காலையிலும் மாலையிலும் மௌனத் தியானம் உண்டு. நான் அங்கே போனது செபிக்க என்பதைவிட ஓய்வெடுக்கத்தான். வீட்டில் மாமனார் மாமியார், இரண்டு பிள்ளைகள், விடியற்காலையில் ஆரம்பித்தால் ராத்திரி பாத்திரம் கழுவி முடிக்கும்வரை அடுப்படி.

அங்கே தங்கியிருந்த ஒரு சிஸ்டரிடம் பேசும்போது, மார்த்தா வேலை செய்துகொண்டிருக்க, உட்கார்ந்து கேட்ட சகோதரி மரியாதான் நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டார் என்று இயேசு சொல்கிற மார்த்தா மரியா வாசகம் வந்தாலே எனக்குக் கோபம் வரும் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, மார்த்தாவைப் போல இருக்காதே என்று மறையுரை கேட்டு வந்து என்னிடமே சொன்னால் எப்படி இருக்கும்? சிஸ்டர் சமாதானம் சொல்லவில்லை. லூக்கா 10-ல் 25-ம் வசனத்திலிருந்து 11-ல் 4-ம் வசனம்வரை மெதுவாக மூன்று தரம் வாசியுங்கள், ஒவ்வொரு தரத்துக்கும் நடுவில் பேசாமல் இருங்கள், எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம் என்றார். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி எழுதிவைத்த படிகளைத்தான் அவர் சொல்லியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்: வாசிப்பது, அசைபோடுவது, செபிப்பது, அப்புறம் இறைவனோடு சும்மா இருப்பது.

மூன்றாவது வாசிப்பில்தான் எனக்கு அந்த வரிசை தெரிந்தது. முதலில் நல்ல சமாரியர். அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டி, தம் விலங்கின்மேல் ஏற்றிக் கொண்டுபோய், காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டவர். அதன் முடிவில் இயேசு சொல்வது "நீரும் போய் அப்படியே செய்யும்" என்று. அடுத்த காட்சி மார்த்தாவின் வீடு, மரியா காலடி அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு அடுத்தது சீடருள் ஒருவர் செபிக்கக் கற்றுக்கொடும் என்று கேட்பது. உழைப்பை மட்டமாகப் பேசுகிறவர் ஒரு பக்கம் முன்னால்தான் சமாரியருடைய உழைப்பை எடுத்துக்காட்டாக நிறுத்தியிருப்பாரா? அன்று அந்த மௌனத்தில் என்னை யாரும் கடிந்துகொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. பெயரை இரண்டு தரம் சொல்லிக் கூப்பிடுகிறார், மார்த்தா, மார்த்தா என்று. அந்தக் கூப்பிடுதல் எனக்கு வேண்டியிருந்தது. வீட்டுக்குத் திரும்பி, மாலையில் கொஞ்ச நேரம் நான் உட்காரப் போகிறேன், அந்த நேரத்தில் காபியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். போட்டுக்கொள்கிறார்கள்.

சென்னையிலிருந்து

நான் பெந்தெகொஸ்தே சபை. மேலே எழுதினவர்கள் இருவரும் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும், சத்தமாக ஜெபிப்பதைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். அப்பாவை அடக்கம்பண்ணின நாளிலிருந்து என் அம்மா கதறித்தான் ஜெபித்தார்கள், அந்தக் கதறல் இல்லையென்றால் அவர்கள் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

ஒரு முழு இரவு ஜெபத்தில் நடுராத்திரிக்கு மேல் கரண்ட் போய்விட்டது. மைக், கீபோர்டு எல்லாம் நின்றது. பாஸ்டர் எல்லோரையும் அப்படியே உட்காரச் சொல்லிவிட்டு, போன் வெளிச்சத்தில் தாவீதின் சங்கீதம் 62-ஐ முழுசாக வாசித்தார். "தேவனையே நோக்கி என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது" என்று ஆரம்பிக்கிறது. 8-ம் வசனத்தில் அதே ஆள் "உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள்" என்கிறான். அமர்ந்திருப்பதும் ஊற்றிவிடுவதும் ஒரே சங்கீதத்தில்! அப்புறம் 1 சாமுவேல் 1-ஐ வாசித்தார். பிள்ளை வரம் கேட்டு ஜெபிக்கிற அன்னாள் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைக்கிறான். அவளோ இருதயத்தை ஊற்றினேன் என்கிறாள். இருட்டில் நாங்கள் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. என் பக்கத்தில் அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள், அப்படி ஜெபித்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கரண்ட் வந்த பிறகு மறுபடியும் எல்லோரும் சத்தமாகத்தான் ஜெபித்தோம், அம்மாவும்தான். ஆனால் அன்றைக்கு அம்மா முதல்தடவையாக அப்பா பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

மறுபடியும் பாளையங்கோட்டை

நீங்கள் சங்கீதம் 62-ஐ எடுத்தது ரொம்ப நல்லது தம்பி. அதில் இன்னொன்றும் இருக்கிறது. 1-ம் வசனத்தில் என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது என்று சொன்னவன், 5-ல் "என் ஆத்துமாவே, தேவனையே நோக்கி அமர்ந்திரு" என்று தனக்கே சொல்லவேண்டி வருகிறது. நடுவில் இருக்கிற 3, 4-ஐ வாசியுங்கள், தன்னைத் தள்ளிவிடப் பார்க்கிறவர்களை, வாயால் வாழ்த்தி உள்ளத்தில் சபிக்கிறவர்களை நினைக்கிறான். அந்த நினைப்பில் அமைதி போய்விட்டிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அன்னாளும் தாவீதும் இரண்டு பேரும் துணை, சத்தமாகவே ஜெபிக்கட்டும்.

வாக்குத்தத்த அட்டையை நிறுத்த வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்பேன். எங்கள் குழுவில் ஜனவரி முதல் வாரமே அவரவர் அட்டையில் உள்ள வசனத்தின் அதிகாரத்தை முழுசாக வாசித்து, அது யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று அட்டைக்குப் பின்பக்கம் எழுதிவைக்கிறோம். எழுதின அப்போஸ்தலர்கள் யாரும் வசன எண் போட்டு எழுதவில்லை. இப்போது நாம் பார்க்கிற புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. இந்த மாதம் எங்களுக்குப் பிலிப்பியர், பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதின கடிதம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் டெஸ்க்கில் ஒட்டுகிற 4:13 அதில்தான் இருக்கிறது, "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று. அதற்கு முந்தின வசனத்தில் பவுல் பேசுவது பட்டினியாயிருக்கவும் திருப்தியடையவும் பழகினதைப் பற்றி, அதுவும் விலங்கு போட்டுக் காவலில் இருந்துகொண்டு. நாலு அதிகாரம், 104 வசனம், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். சத்தமாக ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பைபிளை மூடிவைத்துக் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும், ஏனென்றால் அந்தச் சபையாரும் அந்தக் கடிதத்தைக் காதால்தான் கேட்டிருப்பார்கள். யாராவது அப்படிச் செய்தால் என்ன காதில் விழுந்தது என்று இங்கே எழுதுங்கள்.