ஐம்பது வயசுக்கு மேல கரடு (சின்னப் பாறைக் குன்று) ஏறி ஓடறவங்க, எறக்கத்துக்கு என்ன கணக்கு வெச்சிருக்கீங்க?

இட்டேரி (காங்கயம்)

ஏத்தத்தைப் பத்தியே எல்லாரும் கேக்கறாங்க. வயசானவங்களுக்கு ஏத்தம் அவ்வளவு பெரிய சங்கதி இல்லீங்க. மூச்சு வாங்குச்சுன்னா நடந்துக்கலாம். ஆளை ஒரு வாரம் கட்டில்ல போடறது எறக்கம்தான்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குது. எறங்கும்போது அதே தசை நீண்டுகிட்டே பாரத்தைப் புடிச்சு நிறுத்தணும். அப்பத்தான் நார்கள்ல சின்னச் சின்னக் கிழிசல் விழுது. அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. அடுத்த நாள் பிடிக்க ஆரம்பிச்சு, ரெண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். வயசு ஏற ஏற இது ஆற நாள் புடிக்குது. இன்னொண்ணு, வலி போயிருச்சுங்கறதால பலம் திரும்பிருச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. வலி சில நாள்ல அடங்கிரும், தொடை பழைய பலத்துக்கு வர அதுக்கு மேலயும் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில மறுபடியும் எறங்கறவங்கதான் மொழங்கால் போச்சுன்னு வந்து நிக்கறாங்க.

நம்ம பக்கத்துல இதுக்கு ஒரு வசதி இருக்குதுங்க. சென்னிமலையில படி 1320, வண்டிப்பாதை சுமார் 4 கி.மீ. ஏறிப் போயிட்டு தேவஸ்தான பஸ்ல எறங்கிரலாம். மருதமலையிலும் கோயில் பஸ் உண்டு. ஏத்தத்தை வாரத்துல ரெண்டு மூணு தடவைகூட வெச்சுக்கோங்க, எறக்கத்தை ரேஷன்ல விடுங்க. மத்தவங்க எப்படிப் பண்றீங்கன்னு சொல்லுங்க.

கரட்டுக்காரர் (ஊதியூர்)

பாதி சரிங்கண்ணா. எறக்கத்தைச் சுத்தமா விட்டுட்டீங்கன்னா அதுவே வினையாயிரும். தசைக்கு ஒரு குணம் உண்டு: ஒரு தடவை எறங்கி அடிபட்டு ஆறினதும், அடுத்த சில வாரத்துக்கு அதே எறக்கம் பாதிகூட வலிக்காது. எறங்காமயே இருந்தா அந்தக் காப்பு கரைஞ்சு போயிரும். ரெண்டு மாசம் பஸ்லயே வந்துட்டு ஒரு நாள் ஒரேயடியா 1320 படியும் எறங்கினீங்கன்னா, மறுநாள் திண்ணையில உக்காரக்கூடக் கையை ஊணணும்.

அதனால பத்து நாளைக்கு ஒருக்கா, அளவா எறங்கறது நல்லது. பெரிய மலை வேண்டாம், 30 மீட்டர் உயரமுள்ள கரடு ஒண்ணு போதும். ஏறி எறங்கறது நாலு தடவை, ஆக 120 மீட்டர் எறக்கம். அடுத்த முறை ஒரு சுத்து சேருங்க. மூணு தடவை கூட்டினா நாலாவது தடவை பாதியாக் குறைங்க. கனமான எறக்கத்துக்கு அப்பறம் 72 மணி நேரம் சமதளம் மட்டும். இட்டேரி, கொறங்காட்டு ஓரம், வாய்க்கால் மேடு, எதுவானாலும் சரி.

எறங்கற விதம்தான் முக்கியமுங்க. பயத்துல எல்லாரும் பின்னால சாயறாங்க, குதிகாலை முன்னால நீட்டிக் குத்தறாங்க. அப்பத்தான் வழுக்குது, அதிர்வும் நேரா மொழங்காலுக்குப் போகுது. உடம்பு சரிவுக்குச் செங்குத்தா, கணுக்கால்ல இருந்து லேசா முன்னால இருக்கணும். அடி சின்னதா, வேகமா. கால் விழற இடம் இடுப்புக்குக் கீழயே இருக்கணும், மொழங்கால் எப்பவும் கொஞ்சம் மடங்கியே இருக்கணும். பார்வை காலடியில இல்லாம மூணு நாலு மீட்டர் முன்னால. சரளைக்கல் சரிவா இருந்தா நேரா விழாம குறுக்குமறுக்கா எறங்கணும். கையை விரிச்சு வெச்சுக்கறதைப் பாத்து யாராச்சும் சிரிச்சா சிரிக்கட்டும்.

வீட்டுல ஒரே ஒரு பயிற்சி போதும்னா இதுதான்: 15 முதல் 20 செ.மீ. உயரப் படி மேல ஒத்தக் காலில நின்னு, மத்த காலோட குதிகால் தரையைத் தொடற வரைக்கும் மூணு எண்ணிக்கையில மெதுவா எறக்கறது. காலுக்கு 8 தடவை, மூணு சுத்து, வாரம் ரெண்டு நாள். மொழங்கால் உள்பக்கமா சாயுதான்னு கண்ணாடி முன்னால பாத்துக்கோங்க. சாஞ்சா படி உயரத்தைக் குறைக்கணும். மூணு நாலு வாரத்துல லேசாயிரும், அப்ப அஞ்சு கிலோ அரிசிப் பையைத் தோள்ல மாட்டிக்கலாம்.

அடிவாரம் (பழனி)

கோயில் படிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படியில் ஏறுவது பயிற்சி, இறங்கி ஓடுவது விபத்து. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

முதல் காரணம் வெறுங்கால். செருப்பும் ஷூவும் அடிவாரத்திலேயே நின்றுவிடும். அடுத்தது படிகளே. ஒன்று அரை அடி உயரம், அடுத்தது முக்கால் அடி, நடுவில் ஒன்று தேய்ந்து குழியாகியிருக்கும். தாளத்தை நம்பி ஓடும் காலுக்கு இந்த வித்தியாசம் கண்ணி. மூன்றாவது, படி பூஜை. கிருத்திகை, சஷ்டி, தைப்பூச நாட்களில் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் ஏற்றுவார்கள். எரிந்த சூடத்தின் கருப்புத் தடமும் விளக்கெண்ணெய்ச் சிந்தலும் கருங்கல்லில் ஊறி, மேலே பனி விழுந்தால் கண்ணாடிதான். பார்க்கக் காய்ந்த மாதிரியே இருக்கும்.

நான்காவது யாரும் பேசாதது: மூக்குக் கண்ணாடி. நாற்பத்தைந்துக்கு மேல் நம்மில் பலர் புரோக்ரசிவ் அல்லது பைஃபோகல் போடுகிறோம். அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. படி இறங்கும்போது கண் அந்தப் பகுதி வழியாகவே கீழே பார்க்கும். படியின் விளிம்பு மங்கும், ஆழம் தப்பாகத் தெரியும். கால் ஒரு அங்குலம் முன்னதாகவோ பிந்தியோ விழும். தூரப் பார்வைக்கு மட்டுமான சாதாரணக் கண்ணாடி ஒன்றை ஓட்டத்துக்கென்று தனியாகச் செய்துகொள்ளுங்கள். புது ஷூவைவிட அதற்குத்தான் முதலில் காசு.

விடிவதற்கு முன் போகிறவர்களுக்கு: வயதானால் இருட்டில் கண்மணி முன்போல விரியாது, வெளிச்சம் கூடுதலாக வேண்டும். நெற்றி விளக்கு மட்டும் இருந்தால் கல்லின் நிழல் கண்ணுக்குத் தெரியாது, தரை தட்டையாகத் தோன்றும். இன்னொரு விளக்கை இடுப்பில் கட்டினால் மேடு பள்ளம் நிழலோடு தெரியும்.

பழனியில் 693 படிகள் பக்கம் இறங்காமல் யானைப்பாதையில் நடந்து இறங்கலாம், சரிவு குறைவு. கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். குரங்குக்கு அது சாப்பாட்டுப் பை.

மருந்துச்சீட்டு (ஈரோடு)

வயது வாரியான உச்ச நாடித்துடிப்புக் கணக்கை நம்பி ஓடுபவர்கள் கவனிக்க. 220-இல் வயதைக் கழிப்பது முதியவர்களுக்குக் குறைத்துக் காட்டும். 208-இல் வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது கொஞ்சம் மேல். 60 வயதுக்கு 166 வரும். ஆனால் அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டால் இரண்டு கணக்கும் செல்லாது. மருந்தே துடிப்பை அமுக்கி வைத்திருக்கும். கடிகாரம் 120 காட்டுகிறது என்று இன்னும் அழுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். பேச்சுதான் சரியான அளவு. ஏறும்போது ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிந்தால் சரியான வேகம், இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் நடை.

சர்க்கரைக்கு கிளிமெபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மலைக்குப் போகக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் தாழ்சர்க்கரை அபூர்வம். எப்படியும் பையில் நாலு குளுக்கோஸ் வில்லை. கை நடுக்கம், திடீர் வியர்வை, காரணமில்லாத எரிச்சல் வந்தால் முதலில் தின்றுவிட்டு அப்புறம் யோசியுங்கள். கடலை மிட்டாய் அந்த நேரத்துக்கு ஆகாது. கடலையின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகும் சோடியம் குறைவு. டெல்மிசார்டன், எனாலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தை நிறுத்தி வைப்பவை. அதைச் சாப்பிட்டுக்கொண்டு, சிறுநீரகமும் சுமாராக இருந்து, பொள்ளாச்சி இளநீர் மூன்று அடித்தால் இதயத் துடிப்பையே அது கலைக்கலாம். நீர்மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள். அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு நீர்மோர்தான்.

ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நாளில் ஓடாதீர்கள்.

ஐம்பதுக்கு மேல் புதிதாக மலை தொடங்குகிறவர்கள் ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஏறும்போது மட்டும் வந்து நின்றால் போய்விடும் நெஞ்சு இறுக்கம், தாடை வலி, இடது கை கனம், இவற்றை வாயு என்று தள்ளிவிட்டு ஓமத் தண்ணீர் குடிப்பவர்கள் நம் ஊரில் நிறைய. அது நிற்கவில்லை என்றால் உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள், இறங்கிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடக்காதீர்கள்.

நொய்யலக்கா (கோவை)

பொம்பளைங்க பக்கத்தை யாருமே எழுதலைங்களே. மாதவிடாய் நின்னதுக்கப்பறம் முதல் சில வருசத்துல எலும்பு வேகமா தேயும். ஏத்தம் எறக்கம் எலும்புக்கு நல்லது, ஆனா தடுக்கி விழுந்தா மணிக்கட்டு முறியற வயசும் அதுதான். தினமும் பல்லு வெளக்கும்போது ஒத்தக் காலில 30 நொடி நிக்கப் பழகுங்க, காலை மாத்திக்கோங்க.

எறங்கி ஓடும்போது சிறுநீர் கசியறது நெம்பப் பேருக்கு இருக்குது, வெளியில சொல்றதில்லை. தண்ணி குடிக்காம ஓடறது இதுக்கு வழி இல்லீங்க. சிறுநீரைப் பாதியில நிறுத்தறப்ப எந்தத் தசையை இறுக்கறமோ, அதை (கழிப்பறையில இல்லாம, சும்மா உக்காந்திருக்கறப்ப) பத்து நொடி இறுக்கி, பத்து நொடி விட்டு, பத்து தடவை, நாளைக்கு மூணு வேளை. மூணு மாசம் விடாம செஞ்சாத்தான் பலன் தெரியும்.

சாப்பாடு: ஓடிட்டு வந்து அரிசிம்பருப்பு சாதம் நெய் ஊத்திச் சாப்பிடறது சொர்க்கம்தான், ஆனா அதுல அரிசிதான் நெறைய. வயசானவங்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேணும். 60 கிலோ ஆளுக்கு 60லிருந்து 72 கிராம். ராத்திரி ஒரே வேளையில கறி தின்னு சரிக்கட்ட முடியாது, வேளைக்கு 20–25 கிராமாப் பிரிக்கணும். ரெண்டு முட்டை 12 கிராம், 30 கிராம் நிலக்கடலை 7–8 கிராம். கொள்ளு காயாத்தான் 100 கிராமுக்கு 22. வெந்து ஒரு கரண்டியா தட்டுக்கு வர்றப்ப அதுல அஞ்சாறுதான் இருக்கும். சுண்ணாம்புச் சத்துக்கு ராகிக் களி, 100 கிராம் ராகியில 340 மில்லிகிராமுக்கு மேல.

வடக்குச்சரிவு (சேலம்)

கையைத் தொடை மேல ஊணி நடந்து ஏறுறதைச் சிலர் அவமானமா நினைக்கிறாங்க. மலை ஓட்டத்துக்குப் பேர் போன வட இங்கிலாந்து மலைகளில் முன்னணி ஓட்டக்காரர்களே செங்குத்தில் அப்படித்தான் ஏறுறாங்க. சுமார் 15 டிகிரிக்கு மேல் சரிவு போனா, அதே வேகத்துக்கு ஓட்டத்தைவிட நடைக்குச் செலவு குறைவு.

அங்கே லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் ஆடு வளர்த்த விவசாயி ஜாஸ் நெய்லர் (1936–2024). 2006-ல் 70 வயசில் 70 உச்சிகளை 21 மணி நேரத்துக்குள் ஓடினவர். அவர் பேரில் 50 வயசுக்கு மேற்பட்டவங்களுக்குன்னே ஒரு பாதை இருக்கு: 48 மைல், 30 உச்சிகள். நேர வரம்பைப் பாருங்க: 50–54 வயசுக்கு 12 மணி, 55–59க்கு 14, 60–64க்கு 18, 65க்கு மேல் 24. வயசுக்குத் தகுந்த மாதிரி கூடுதல் நேரம் ரெண்டு, நாலு, ஆறுன்னு விரியுது. அறுபதுக்கு அப்புறம் உடம்போட வேகம் குறையறது ஒரே சீரா இருக்காதுன்னு விதி போட்டவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. நாம மட்டும் நாற்பது வயசுல ஏற்காடு 20 கொண்டை ஊசி வளைவை எத்தனை நிமிஷத்துல ஏறினோம்னு பழைய கணக்கைக் கையில வெச்சுக்கிட்டு நொந்துக்கறோம்.

கரட்டுக்காரர் (ஊதியூர்)

காலத்தையும் சேத்துச் சொல்லிடறேன். வேசகாலத்துல (கோடையில) வெடியால அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ஏழுக்குள்ள எறங்கிரணும். பாறை ராத்திரி முழுக்கச் சூட்டை வெச்சிருக்கும். சித்திரை, வைகாசி சாயங்காலம் கரட்டு மேல இடி மழை புடிச்சா மரத்தடிக்கு ஓடாதீங்க, உச்சியை விட்டு எறங்கப் பாருங்க. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து தாராபுரம், உடுமலைப் பக்கம் ஆளைத் தள்ளும். அது நயவஞ்சகமான காத்துங்க. வேர்வை வந்ததே தெரியாம உலர்ந்துரும், தாகமும் எடுக்காது. ஓடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டுப் பாருங்க. ஒரு கிலோ கொறஞ்சா ஒரு லிட்டர் போயிருச்சுன்னு கணக்கு.

ஐப்பசி, கார்த்திகையில பாறைப் பாசி. கருப்பா ஈரமா தெரியற இடத்துல காலே வைக்காதீங்க. பொழுது சாஞ்சா சுருட்டை விரியன் வெளிய வரும். எட்டிப் புடிக்கற கல்லு மேல பாக்காம கை வைக்கக் கூடாது. கடிச்சா கட்டுப் போடாம, கீறாம, கை காலை அசைக்காம, விஷமுறிவு மருந்து இருக்கற அரசு ஆஸ்பத்திரிக்கு நேரா போகணும். மருதமலை, அனுவாவி அடிவாரத்துல யானை நடமாட்டம் உண்டு. இருட்டுல அந்தப் பக்கமே வேண்டாம். காப்புக்காட்டுக்குள்ள அனுமதியில்லாம ஓடறது குத்தம். வனத்துறையே 2024ல 40 மலையேற்றப் பாதை தெறந்திருக்குது, அதுல பதிவு பண்ணிப் போங்க.

அடிவாரம் (பழனி)

கெண்டைக்கால் விட்டுப்போச்சே. செங்குத்தில் முன்காலால் உந்தும்போது, பின்னாலிருந்து யாரோ கல் எறிந்த மாதிரி சுரீரென்று அடிக்கும், திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. உள்பக்கக் கெண்டைத் தசை கிழிந்திருக்கிறது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமானது. அங்கேயே நிறுத்துங்கள், கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள், கால் நீட்டி உயர்த்தி வையுங்கள். முதல் சில நாள் சுளுக்கு எடுக்கிறவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். ரத்தக் கசிவு கூடும். கால் வீங்கி, சூடாகி, கனத்தால் ரத்தக்கட்டா என்று ஸ்கேன் பார்த்துவிட வேண்டும்.

குதிநரம்பு (குதிகாலுக்குப் பின்னால் உள்ள தடித்த தசைநாண்) காலையில் முதல் அடியில் மட்டும் வலிக்கிறது என்றால் அது வேறு. படி விளிம்பில் முன்பாதம் வைத்து, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கும் ஒற்றைக் காலால் மெதுவாகக் குதிகாலை இறக்குவது: 15 தடவை, மூன்று சுற்று, நாளைக்கு இரண்டு வேளை, 12 வாரம். பாதியில் விடுபவர்களுக்குத்தான் திரும்ப வருகிறது.

இட்டேரி (காங்கயம்)

எறக்கத்துல கட்டைவிரல் நகம் கறுத்துப் போகுதுன்னு தனியா ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. ஷூ சின்னதுன்னு பெருசு வாங்கறாங்க, பெருசுல கால் இன்னும் முன்னால சறுக்கும். நீள விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தாப் போதும். மேல கணுக்கால் கிட்ட கூடுதலா ஒரு ஓட்டை இருக்குதில்லீங்களா, அதுல அதே பக்கத்துக் கயித்தை உள்ள விட்டுச் சின்ன வளையமாக்கி, எதிர்ப்பக்கக் கயித்தை அந்த வளையத்துக்குள்ள கோத்து இறுக்குங்க. குதிகால் பின்னாலயே நிக்கும். நகத்தை முந்தின நாளே வெட்டிருங்க, அன்னிக்கு வெடியால வெட்டினா ஓரம் குத்தும்.