கிணற்றுத் தரவு எடுக்கிற புரோகிராம்: பாஷ் ஸ்கிரிப்டை விட்டுட்டு சி மொழிக்குப் போகோணுமோ?

வடலி:
யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ப் பக்கத் தோட்டக் கிணறுகளில நீர்மட்டமும் உப்புத்தன்மையும் பார்க்கிற சென்சர்கள் போட்டிருக்கு. எல்லாத் தரவும் ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ எண்ட ஒரு சின்னக் கம்பியூட்டருக்கு வருது, மெமரி 512 எம்பி. பாஷ் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையா ஓட்டுற மொழி) ஸ்கிரிப்ட் ஒண்டுதான் லைன் லைனா வாசிச்சுச் சேமிக்குது. சிபியு எந்நேரமும் 100 வீதம். சி-யில திருப்பி எழுதவோ, பைத்தன் காணுமோ?

பனங்கூடல்:
மொழியை மாத்த முதல் நேரம் எங்க போகுதெண்டு பாருங்கோ. எஸ்ட்ரேஸ் எண்ட, புரோகிராம் சிஸ்டத்திட்டக் கேக்கிற வேலைகளைக் காட்டுற கருவியை, பிள்ளைப் புரோசஸ்களையும் (ஸ்கிரிப்ட் தொடக்கிற மற்றப் புரோகிராம்கள்) சேர்த்து எண்ணவிட்டால் தெரியும். ஒவ்வொரு லைனுக்கும் கட், ஆக், டேட் எண்ட சின்னப் புரோகிராம் மூண்டையும் கூப்பிட்டால், செக்கனுக்கு 50 லைனுக்கே 150 புரோசஸ் பிறந்து முடியுது. சிபியுவைத் தின்னுறது அதுதான். லூப்பை எடுத்திட்டு, வாற தரவு முழுக்க ஒரே ஆக்-குக்கே குடுங்கோ. டெபியன் லினக்ஸில வழமையா இருக்கிற ஆக், மாக் எண்ட வகை. அது பைப்பில வாறதைத் தேக்கி வைக்கும். டபிள்யூ இன்டராக்டிவ் (-W interactive) தெரிவைக் குடுத்தால்தான் வர வர விடும். இல்லாட்டி கரண்ட் போகேக்க கடைசித் தரவு போயிடும்.

ஆலடி:
இனியும் வேலை கூட்டப் போறியள் எண்டால் பைத்தனே தாராளம். இன்டர்பிரெட்டர் 10 எம்பி அளவிலதான் தொடங்கும், வேலையோ பெரும்பாலும் காத்திருப்பு. சேமிக்க எஸ்கியூலைட் எண்ட சின்னத் தரவுத்தளத்தை டபிள்யூஏஎல் முறையில (மாற்றத்தை முதல் தனிப் பதிவுக் கோப்பில எழுதுறது) வையுங்கோ. லைனுக்கு ஒரு கமிட் (எழுதினதை நிலையாப் பதியிறது) போடாதேங்கோ: வழமையான அமைப்பில ஒவ்வொரு கமிட்டும் எஸ்டி கார்டில எழுதி முடியுமட்டும் நிக்கும். 100 லைனுக்கு ஒருக்கா போடுங்கோ. கரண்ட் போனால் இழக்கிறதும் அவ்வளவுதான். லினக்ஸில புரோகிராம்களைத் தொடக்கிப் பார்க்கிற சிஸ்டம்டியில மெமரிமேக்ஸும் (மெமரி உச்ச வரம்பு) ரீஸ்டார்ட்டும் (நிண்டால் திருப்பித் தொடக்கிறது) கட்டாயம் வையுங்கோ.

வடலி:
நன்றி அண்ணை. பம்ப் ஓட்டமானியின்ர துடிப்புகளையும் எண்ணோணும். அதையும் பைத்தனில செய்யலாமோ?

பனங்கூடல்:
அதை ராஸ்பெரி பையில செய்யாதேங்கோ, சி-யில எழுதினாலும்தான். லினக்ஸ் உங்கட புரோகிராமை எப்பவும் கொஞ்சம் நிப்பாட்டி வைக்கலாம். அந்த இடைவெளியில துடிப்பு தவறலாம். ஈஎஸ்பி32 எண்ட சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் ஒண்டைக் கிணற்றடியில வைச்சு, அதின்ர துடிப்பு எண்ணும் வன்பொருளைச் சி-யில பாவியுங்கோ. ஈஎஸ்பி32-சி3 வகையில அந்த வன்பொருள் இல்லை, பார்த்து வாங்குங்கோ. அந்த எண்ணும் வன்பொருள் 16 பிட்: 32,767 தாண்ட முதல் வாசிச்சுக் கூட்டோணும். மொத்தத்தை ராஸ்பெரி பைக்கு அனுப்பினால் பைத்தன் மிச்சத்தைப் பார்க்கும்.

ஆலடி:
அனுப்பேக்க இடைக்கால எண்ணிக்கையை அனுப்பாமல், கூடிக்கொண்டே போற மொத்தத்தை அனுப்புங்கோ. ஒரு செய்தி தவறினாலும் அடுத்ததில கணக்குச் சரியாகும்.